சூலியா தெருவிலிருந்து பாசறைக்கு: ப. சிங்காரத்தின் நாவல்களில் விருப்பமும் கட்டாயமும்

தமிழ் நாவல் வரலாற்றில் ப. சிங்காரம் (1920–1997) பெற்றிருக்கும் இடம் விந்தையானது. சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்று, போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பியவர் அவர். அதன்பின் மதுரையில் நாளிதழ் ஒன்றின் பணியாளராகவே வாழ்நாளைக் கழித்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' 1959இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதப்பட்டுப் பத்தாண்டு காத்திருந்து 1972இல் அச்சேறியது. இரண்டும் வெளிவந்த காலத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. பின்னர் சி. மோகன், ஜெயமோகன் முதலிய திறனாய்வாளர்கள் எடுத்துரைத்த பிறகே தமிழ் வாசகர் கவனம் அவற்றின்பால் திரும்பியது.

அத்திறனாய்வுகள் பெரும்பாலும் மூன்று செய்திகளையே சுற்றி வருகின்றன: பாண்டியன் என்னும் தலைமகனின் சாகசம், மரபிலக்கியத்தை எள்ளி நகையாடும் அங்கதம், பல மொழிச் சொற்கள் கலந்தோடும் நடை. இவை மூன்றும் உண்மையே. எனினும், இவ்விரு நாவல்களிலும் இந்திய தேசிய இராணுவம் என்னும் படையமைப்பும் அதனோடு ஒட்டிய மறைவுப் பணியும் வகிக்கும் பங்கு பற்றித் தெளிவான கேள்வி எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை. படை என்பது இங்குப் பின்னணியாகவே கொள்ளப்பட்டுள்ளது. நாட்டுப்பற்றுள்ள இளைஞர்கள் சேர்ந்தார்கள், போரிட்டார்கள், தோற்றார்கள் என்ற அளவில் திறனாய்வு நின்றுவிடுகிறது. அவர்கள் எவ்வாறு சேர்ந்தார்கள்? சேர்ந்தபின் அவர்தம் விருப்பத்திற்கு என்ன மதிப்பு இருந்தது? தொண்டனாகப் பெயர் கொடுத்தவன் எந்தக் கட்டத்தில் கட்டாயப் படைஞனாக மாறுகிறான்? இக்கட்டுரை இவ்வினாக்களைப் பினாங்கு சூலியா தெருவை மையமாக வைத்து ஆராய முற்படுகிறது.

தெருவின் ஒழுங்கு

சூலியா தெரு ஜார்ஜ் டவுனின் பழைமையான தெருக்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களைக் குறித்த 'சூலியா' என்னும் பெயரே அதற்கு வாய்த்தது. கிங் தெருவோடு அது சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. மேற்கே சில அடி நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அருகிலுள்ள பினாங்கு தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு இத்தெரு முதுகுப்பைப் பயணிகளின் விடுதிகளாலும் இரவு உணவுக் கடைகளாலும் நிறைந்திருக்கிறது. மாலையில் அங்கு நடக்கும் மாணவர்களுக்கு இது ஒரு காலத்தில் தமிழ் இளைஞர்கள் கணக்கெழுதிய தெரு என்று சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். தவறு அவர்களுடையதன்று. பெயர்ப்பலகையைத் தவிர அவர்களுக்குக் காட்ட அதிகம் மிச்சமில்லை.

சிங்காரத்தின் மாந்தர்கள் புறப்படுவது இத்தகைய தெருக்களின் கடைகளிலிருந்துதான். கடை என்றால் இங்கு விற்பனைக்கடை அன்று, வட்டிக்கடை. நீண்ட கூடத்தில் வரிசையாகக் கைமேசைகளும் பெட்டகங்களும் இருக்கும். ஒவ்வொரு மேசையும் ஒரு தொழில்விலாசம். முதலாளி ஊரில் இருப்பார். இங்குள்ள மேலாள் அவருக்குப் பொறுப்பு. மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவனுக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஊரை விட்டுக் கப்பலேறும்போதே சம்பளச்சீட்டு எழுதப்படும். மூன்றாண்டு ஒரு கணக்கு. அக்கணக்கு முடியுமுன் ஊர் திரும்ப இயலாது. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுக்கவேண்டும். உணவு பொதுவில் சமைக்கப்படும். எழும் நேரமும் படுக்கும் நேரமும் வெளியே போய்வரும் நேரமும் மேலாளின் கண்ணுக்குட்பட்டவை. ஊருக்கு எழுதும் கடிதங்கூட ஒருவகையில் கடைக் கணக்கின் பகுதியே.

இவ்வமைப்பைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இது ஏற்கெனவே ஒரு பாசறை. கால எல்லை வகுத்த ஒப்பந்தம், படிநிலை, பொதுச் சமையல், பொதுப் படுக்கை, மேலிடத்தின் அனுமதியின்றி நகர முடியாமை ஆகிய யாவும் இங்கு உள்ளன. துப்பாக்கி ஒன்றுதான் இல்லை. கடைப்பையன்கள் படையில் சேர்ந்ததும் முற்றிலும் புதியதோர் உலகினுள் நுழைந்துவிட்டதாகத் திறனாய்வாளர்கள் எழுதுகின்றனர். சிங்காரத்தின் எழுத்து அவ்வாறு காட்டவில்லை என்பதே என் கருத்து. அவரது இளைஞர்கள் பாசறை வாழ்வுக்கு வியக்கத்தக்க விரைவில் பழகிவிடுகிறார்கள். அணிவகுப்புக்கும் பதிவேட்டுக்கும் மேலதிகாரியின் முகக்குறிப்புக்கும் அவர்கள் ஏற்கெனவே பழகியவர்கள். பெட்டியடியில் கற்ற பணிவு சீருடைக்குள் நுழைகிறது, அவ்வளவே.

வெள்ளைக்கொடி ஏறிய நாளும் அதன் பின்னும்

1941 டிசம்பர் 11ஆம் நாள் தொடங்கி ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய வானூர்திகள் குண்டு வீசின. 16ஆம் நாள் இரவு ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு பிரித்தானியர் தீவைக் கைவிட்டனர். ஏனைய இனத்தவரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றியவர், பத்திரிகையாசிரியராகப் பணியாற்றிய இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. 19ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தனர். அந்த இடைப்பட்ட சில நாட்களே, பேரரசு என்பது ஒரே இரவில் மூட்டை கட்டிப் போய்விடக்கூடியது என்பதைச் சூலியா தெரு இளைஞனுக்குக் கற்பித்தன. 'புயலிலே ஒரு தோணி'யின் தொடக்கத்தில் மெடான் நகர மக்கள் புதிய ஆட்சியாளரின் வருகையைப் பார்த்து நிற்கும் காட்சிக்கு உரிய மனநிலை இதுவே.

பின் நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவூட்டுவது போதும். மேஜர் புஜிவாராவின் தலைமையில் ஜப்பானியப் படை உளவுப்பிரிவு இந்தியச் சிப்பாய்களை அணுகியது. 1942 பிப்ரவரி 17இல் சிங்கப்பூர் பேரர் பார்க் திடலில் சரணடைந்த இந்திய வீரர்கள் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் முதல் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். புஜிவாராவின் சிறிய அமைப்பு மாற்றப்பட்டுக் கர்னல் இவாகுரோவின் பெரிய அமைப்பு வந்தது. இவை யாவும் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன.

விரிவாக இல்லாதது ஒன்றுண்டு, தமிழில் குறிப்பாக. 1942இல் பினாங்கில் 'இந்திய சுவராஜ் நிலையம்' என்ற பெயரில் ஒரு பயிற்சிக்கூடம் இயங்கியது. பினாங்கு வழக்கறிஞரும் இந்திய சுதந்திரச் சங்கத் தலைவர்களுள் ஒருவருமாகிய ந. இராகவன் அதனை நடத்திவந்தார். பின்னணியில் இருந்தது ஜப்பானிய உளவமைப்பு. மலாயாவில் வேலை பார்த்துவந்த இந்திய இளைஞர்கள், அவர்களுள் மலையாளிகள் கணிசமாக, அங்கு உளவுப்பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். இந்திய விடுதலைக்காக என்று அவர்கள் பெயர் கொடுத்தார்கள். ஆனால் பயிற்சி முடிந்தவர்களை எப்போது, எங்கே, எவ்வழியே அனுப்புவது என்பதை ஜப்பானியரே முடிவு செய்தனர். 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டவர்கள் மலபாரின் தானூர்க் கரையிலும் கத்தியவார்க் கரையிலும் இறக்கப்பட்டனர். வேறு சிலர் பர்மா வழியே தரைமார்க்கமாக அனுப்பப்பட்டனர். இறங்கிய சிறிது காலத்திலேயே அவர்கள் பிடிபட்டனர். தம்மைக் கேளாமல் பயிற்சியாளர்களை அனுப்பியதைக் கண்டித்து இராகவன் நிலையத்தை மூடினார், அதன் பொருட்டு வீட்டுக்காவலிலும் வைக்கப்பட்டார்.

பிடிபட்டவர்கள் மீதான வழக்கு சென்னையில் நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னை மத்திய சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர்: வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங். காதர் திருவிதாங்கூரின் வக்கம் என்னும் ஊரினர், மலாயாவுக்கு வேலை தேடி வந்தவர். தூக்குக்கு முன் அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் கேரளத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

நாட்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21இல். இவ்விரண்டுக்கும் இடையில் சென்னையில் அத்தூக்கு நடந்தேறியது. சூலியா தெருவில் முழக்கமெழுந்த அதே மாதங்களில், அத்தெருவிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத ஒரு பயிற்சிக்கூடத்தில் பயின்ற இளைஞர்கள் தமிழ்நாட்டுச் சிறையொன்றில் மடிந்தனர். தமிழிலக்கியம் இந்நிகழ்வை ஏன் தன்னதாகக் கொள்ளவில்லை? மடிந்தவர்கள் தமிழரல்லர் என்பது ஒரு விடை. அது போதிய விடையாக எனக்குத் தோன்றவில்லை. மெடானும் பினாங்கும் சீனரும் டச்சுக்காரரும் தமிழ் நாவலுக்குள் வந்து அமர முடியுமெனில், பினாங்கிலிருந்து சென்னைக்கு வந்து இறந்த மலையாளியும் வரலாம்.

வேறொரு விடையை நாவலின் வடிவத்திலேயே தேடலாம். உளவு என்பது சிங்காரத்தின் கையில் சாகசமாகிறது. பாண்டியன் அறிவாளி, பன்மொழி வல்லவன், துணிந்தவன். மறைவுப் பணி அவனுக்கு அளிக்கப்படும்போது அதை அவன் தன் திறமையால் தன்னதாக்கிக்கொள்கிறான். மேலிடத்தின் கட்டளை அவனது விருப்பத்தோடு ஒத்துப்போவதாகவே கதை நகர்கிறது. ஆகவே கட்டாயம் என்பது அவனளவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவராஜ் நிலையத்து இளைஞர்களின் கதை இதற்கு நேர்மாறு. அங்குத் திறமை பயன்படுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. பயிற்சி, காத்திருப்பு, நீர்மூழ்கியின் மூச்சடைப்பு, அறிமுகமில்லாத கரை, உடனே கைது. சாகசக் கதைக்கு இதில் இடமில்லை. காத்திருத்தலையும் பயன்படுத்தப்படுதலையும் எழுதும் வேறொரு நாவல்முறை அதற்குத் தேவை. சிங்காரத்திடம் அம்முறைக்கான கருவிகள் இருந்தன, அவர் அவற்றை வேறிடத்தில் பயன்படுத்தினார் என்பதைக் கீழே காண்போம்.

கட்டளையின் மொழி

பல மொழிக் கலப்பைச் சிங்காரத்தின் பெருஞ்சிறப்பாகப் போற்றுவது வழக்கம். மலாய், டச்சு, சீனம், ஜப்பானியம் ஆகிய அனைத்தும் அவர் நடையில் தமிழோடு இயல்பாகப் பழகுகின்றன. கடைத்தெருவில் இக்கலப்பு பிழைப்புக்கான திறமை. கடன் வாங்க வருபவனின் மொழியில் பேசத் தெரிந்த அடுத்தாளே கடைக்கு வேண்டியவன். ஆயின் பாசறைக்குள் நுழைந்ததும் மொழியின் நிலை மாறுகிறது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டளை மொழி, உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. 1943க்குப்பின் படையில் சேர்ந்த மலாயாத் தமிழர்கள், தோட்டத்தவராயினும் நகரத்தவராயினும், நிற்பதற்கும் நடப்பதற்கும் சுடுவதற்கும் உரிய சொற்களைத் தமக்குப் பொருள் தெரியாத மொழியிலிருந்து கற்றார்கள். அவர்களுக்கு மேலே இருந்த ஜப்பானியத் தொடர்பு அதிகாரியின் மொழியோ வேறு.

எனவே ஒரே கலப்புமொழி இரு வேறு நிலைகளைச் சுட்டுகிறது. தெருவில் அது பேசுபவனின் வலிமை. பாசறையில் அது அவன்மீது ஏற்றப்பட்ட சுமை. இவ்வேறுபாட்டைத் திறனாய்வு கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் 'பன்மொழி நடை' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. பினாங்கின் உணவு விடுதியில் நண்பர்கள் கூடிக் குடித்தபடி தமிழர் பெருமையையும் சிறுமையையும் மாறிமாறி அலசும் பகுதிகளை இப்பின்னணியில் மீண்டும் படிக்க வேண்டும். அவற்றை வெறும் அங்கதம் என்று பலரும் சொல்லிவிட்டனர். சில இடங்களில் அவை நீண்டு சலிப்பூட்டுகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. நாவலாசிரியருக்குக் கண்டிப்பான பதிப்பாசிரியர் ஒருவர் வாய்த்திருக்கலாம். ஆனால் அப்பேச்சுகளில் தமிழ் கட்டுக்கடங்காமல் பொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிறமொழிக் கட்டளைகளுக்கு உட்பட்டு வாழும் மனிதர்கள் கட்டளையில்லாத ஓர் இடத்தில் அமர்ந்து தம் மொழியில் பேசித் தீர்க்கிறார்கள். சலிப்பூட்டும் அளவுக்குப் பேசுகிறார்கள் என்பதே அவர்கள் எவ்வளவு நேரம் வாய்மூடி இருந்தார்கள் என்பதற்குச் சான்று.

வானாயீனாவின் தீர்ப்பு

என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா, பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனாவிடம் வேலை பார்த்தவன். முதலாளிக்கு அவன் மேல் மிகுந்த நம்பிக்கை. மகள் மரகதத்தை அவனுக்கே கொடுப்பதாக எண்ணியிருந்தார். போர்க்காலத்தில் செல்லையா படையில் சேர்கிறான், அதிகாரியாகிறான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின் கடைக்குத் திரும்புகிறான். மரகதம் அவனுக்காகக் காத்திருக்கிறாள். வானாயீனா மறுக்கிறார். படைப்பக்கம் போகாத இன்னொருவனே மருமகனாகத் தகுந்தவன் என்று முடிவு செய்கிறார்.

இந்நாவலை வகுப்பில் பாடமாக வைத்தபோதெல்லாம் மாணவர்கள் வானாயீனாவின்மேல் சினங்கொண்டனர். பணத்தாசை பிடித்தவர், காதலுக்கு எதிரி, நாட்டுக்காகப் போரிட்டவனை மதிக்கத் தெரியாதவர் என்றனர். அச்சில் வந்த சில கட்டுரைகளும் ஏறத்தாழ இவ்வாறே கூறுகின்றன. நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். இப்போது அவ்வாறு படிக்க முடியவில்லை.

வானாயீனா செல்லையாவை வெறுக்கவில்லை. அவனுடைய வீரத்தையும் மறுக்கவில்லை. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஆயுதம் ஏந்திப் பிறருக்குக் கட்டளையிட்டவன் இனிப் பெட்டியடியில் உட்கார்ந்து காசுக்குக் காசு கணக்குப் பார்க்க மாட்டான், உட்கார்ந்தாலும் பொறுமையோடு இருக்க மாட்டான். இதை அவர் பழியாகச் சொல்லவில்லை. கடன் கொடுக்குமுன் ஆளை எடைபோடும் தொழில்காரரின் கணிப்பாகச் சொல்கிறார். அந்நாவலில் படைவாழ்வு ஒருவனை என்ன செய்கிறது என்று கூர்ந்து பார்த்தவர் அவர் ஒருவரே. செல்லையாவின் நண்பர்கள் பார்க்கவில்லை. மரகதமும் பார்க்கவில்லை, அவளுக்கு அவன் பழைய செல்லையாதான். செல்லையாவும் தன்னைப் பற்றி அறியவில்லை. கைமேசைக்கு முன் அமர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றே நம்புகிறான்.

கடையும் பாசறையும் ஒரே ஒழுங்கைச் சேர்ந்தவை என்று மேலே கூறினேன். அங்ஙனமாயின் கடையிலிருந்து பாசறைக்குப் போனவன் திரும்பிக் கடைக்கு வருவதில் என்ன இடர்ப்பாடு என்று கேட்கலாம். இடர்ப்பாடு ஒழுங்கில் இல்லை, இடத்தில் உள்ளது. கடையில் அவன் அடுத்தாள். பாசறையில் அவனுக்குக் கீழேயும் ஆட்கள் இருந்தனர், அவன் சொல்லுக்குப் பணிந்தனர். பணிவைக் கற்றவனுக்கு ஆணையிடும் சுவையும் காட்டப்பட்டுவிட்டது. சிலருக்கு அது விடுதலை. வானாயீனாவின் கணக்கேட்டில் அது தேய்மானம். இரண்டில் எது சரி என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. செல்லையாவின் பக்கம் நம் மனத்தைச் சாய வைத்துவிட்டு, தருக்கத்தை முழுவதுமாக முதலாளியின் கையில் ஒப்படைத்துவிடுகிறார் ஆசிரியர். படைவீரன் வீடு திரும்புதலைப் பற்றித் தமிழில் இதைவிட நேர்மையாக எழுதப்பட்ட ஒன்றை நான் படித்ததில்லை.

காத்திருத்தலையும் பயன்படுத்தப்படுதலையும் எழுதும் கருவிகள் சிங்காரத்திடம் இருந்தன என்றது இதனால்தான். செல்லையாவின் கதையில் போர் முடிந்துவிட்டது. இனி அவனை யாரும் அழைக்கவில்லை. அழைத்தவர்கள் கலைந்துவிட்டனர். அவனிடம் எஞ்சியிருப்பது யாருக்கும் வேண்டாத ஒரு பயிற்சி.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மரகதத்தின் வாயிலிருந்து நாம் கேட்பது மிகக் குறைவு. இரு நாவல்களிலும் பெண்கள் வீட்டுக்குள்ளேயோ விடுதிக்குள்ளேயோதான் நிற்கின்றனர். அதே 1943இல் ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர் என்பது வரலாறு. படையிலிருந்து திரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி வானாயீனா என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி சிங்காரத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

தோட்டமும் தெருவும்

சிங்காரத்தை மட்டும் படித்தால், பினாங்கு இளைஞன் படையில் சேர்வது அவனது தனிமனத் தேர்வு என்றே தோன்றும். மலேசியத் தமிழ் நாவல்களை அருகில் வைக்கும்போது அப்படம் மாறுகிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகியன 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களைப் பற்றியவை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு முதலில் ஆசை காட்டி ஆள் சேர்த்தனர், பின்னர்ச் சந்தையிலும் திரையரங்கிலும் தோட்டத்திலும் மடக்கிப் பிடித்தனர். இங்குக் கட்டாயம் மறைவாக இல்லை. லாரி வந்து நிற்கிறது, ஆட்கள் ஏற்றப்படுகிறார்கள்.

இந்திய தேசிய இராணுவத்திற்கு மலாயாவின் பொதுமக்களிடையே நடந்த ஆள்சேர்ப்பு இதனின்றும் வேறுபட்டது. அது தொண்டர் சேர்ப்பு. சட்டப்படி எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் இரு ஆண்மக்கள் இருக்கும்போது, ஒருவன் படையில் பெயர் கொடுத்தால் சயாமுக்குப் போவதிலிருந்து தப்பலாம் என்ற எண்ணம் தோட்டங்களில் பரவலாக இருந்தது. அக்காலத்தவரின் நினைவுகளில் இச்செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. இவ்வாறு சேர்ந்தவனைத் தொண்டன் என்பதா, கட்டாயப் படைஞன் என்பதா? அவன் நாட்டுப்பற்றைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. இரண்டு காரணங்களும் ஒரே மனத்தில் ஒருங்கே இருந்திருக்கலாம், பெரும்பாலும் இருந்தன. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' (2006) இந்திய தேசிய இராணுவத்தைக் களமாகக் கொண்டது. அங்குத் தியாகம் என்னும் சொல்லே தலைப்பில் ஏறி அமர்ந்துவிட்டதால், இக்கலப்பு மனநிலை போதிய அளவு விரிவடையவில்லை என்பது என் எண்ணம். கட்டாயத்தைப் பேசும் நாவலில் படை இல்லை, படையைப் பேசும் நாவலில் கட்டாயம் இல்லை என்ற நிலையே நம் இலக்கியத்தில் நிலவுகிறது.

இதில் வகுப்பு வேறுபாடும் உண்டு. சூலியா தெருவின் அடுத்தாளைச் சயாமுக்குப் பிடித்துச் செல்வது அரிது. அவனுக்குக் கணக்குத் தெரியும், மொழிகள் தெரியும், முதலாளியின் செல்வாக்கு உண்டு. ஆகவே அவனால் தேர்வு செய்ய முடிந்தது, அல்லது தான் தேர்வு செய்வதாக எண்ண முடிந்தது. பாண்டியனின் சுதந்திரம் அவனது குணத்தால் மட்டும் வந்ததன்று. அவன் வந்த தெருவாலும் வந்தது. சிங்காரம் இதை வெளிப்படையாக எழுதவில்லை. அவரது தலைமாந்தர்கள் எல்லாரும் கடைக்காரர்களாகவே இருப்பது அதைச் சொல்லாமல் சொல்கிறது.

வகுப்பறையில் நேர்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். மலேசியாவில் 2004 தொடங்கி, இடையில் 2015இல் ஓராண்டு நிறுத்தப்பட்டு, 2018 வரை தேசிய சேவைப் பயிற்சித் திட்டம் நடைபெற்றது. பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதினருள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் முகாமில் தங்கவேண்டும். அவ்வாறு சென்றுவந்த மாணவர் ஒருவர் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்துவிட்டு, பாண்டியனை நம்ப முடியவில்லை என்றார். முகாமில் இருந்தவர்களுக்கு இவ்வளவு சிந்திக்க நேரமிருக்காது என்பது அவர் வாதம். காலையில் கத்தி எழுப்புவார்கள், உணவு வரிசை, மீண்டும் வரிசை, இரவில் உடல்வலி, வீட்டு நினைவு. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார். போர்க்காலப் படையையும் அமைதிக்காலப் பயிற்சியையும் ஒப்பிடக்கூடாது என்று அன்று மறுமொழி கூறினேன். அது ஆசிரியருக்குரிய பாதுகாப்பான மறுமொழி. மாணவர் தொட்டது உண்மையான இடம். சிங்காரத்தின் பாசறையில் சிந்தனை மிகுதி, உடல் குறைவு. களைப்பும் பசியும் புழுங்கும் படுக்கையும் குறிப்பிடப்படுகின்றன, ஆனால் அவற்றினூடே எழுத்து நடப்பதில்லை. கடையைப் பற்றி எழுதும்போது அவரிடம் காணும் உடல்நெருக்கம், பெட்டகத்தின் மணமும் சாய்மேசையின் தேய்ந்த மூலையும் தெரியும் அந்த நெருக்கம், பாசறையைப் பற்றி எழுதும்போது இல்லை. வட்டிக்கடையில் அவர் வாழ்ந்தவர்.

பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. படை கலைந்தபின் மீண்டும் சுமத்ராவுக்குச் சென்று, இந்தோனேசியக் கெரில்லாக்களோடு சேர்ந்து டச்சுக்காரரை எதிர்த்து மடிகிறான். இம்முடிவை வீரமரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். ஆனால் அந்தப் போர் அவனுடையதன்று; அங்கு அவனை யாரும் அனுப்பவும் இல்லை. முதல் முறையாக மேலாளும் மேலதிகாரியும் சம்பளச்சீட்டும் இல்லாமல் அவன் ஒரு போரில் இருக்கிறான். இராகவனின் பயிற்சிக்கூடத்து இளைஞர்களுக்கு வாய்க்காதது இது. அவர்கள் எங்கு இறங்குவது என்பதைக்கூட வேறொருவர் வரைபடத்தில் குறித்தார். சென்னை வழக்கின் ஆவணங்களையும் சிங்காரத்தின் இரு நாவல்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஆய்வு தமிழில் இனித்தான் வரவேண்டும். அதற்கு மலையாளமும் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் தேவை.